பின்கோட்டு நாற்காலி

சௌந்தரராஜனுக்குக் கம்பெனியில் இருந்த பட்டப்பெயர் 'நோகோ'. விருதுநகர் பக்கத்திலிருந்து இளவயதில் ஓசூருக்கு வந்து, சிப்காட்டில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தவர், தம் உத்தியோக வாழ்வில் பெரும்பகுதியைக் கடைசிப் பரிசோதனை மேசையிலேயே கழித்தார். ஒரு துளை சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க அங்கே 'கேஜ்' என்று இரண்டு முனை உள்ள ஒரு கருவி உண்டு. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக்கூடாது. போகக்கூடாத முனை போய்விட்டால் அந்த உருப்படி கழிவுத் தொட்டிக்குத்தான். அந்த முனையின் பெயர் நோகோ.

மாதக் கடைசியில் சரக்கு லாரி வாசலில் நின்று உறுமிக்கொண்டிருக்கும்போது, மேலாளரே வந்து தோளில் கைபோட்டு ஒரு தட்டு உருப்படிகளை மட்டும் கண்டுகொள்ளாமல் விடும்படி கேட்டதுண்டு. அவர் விட்டதில்லை. பக்கத்து மேசை மணிவேல், "அண்ணன் வீட்டுல இட்லியக் கூட கேஜ் வச்சுப் பாத்துட்டுதான் தின்பாரு" என்று கேலி செய்வான். சௌந்தரராஜனுக்கு அந்தக் கேலியில் உள்ளூரப் பெருமைதான்.

மூக்கண்டப்பள்ளியில் அவர் குடியிருந்த தெருவுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்றில் பிரதாப் என்ற இளைஞர் இறகுப்பந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பிள்ளைகள் அதை 'ஷெட்' என்பார்கள். ஒரே மகள் லாவண்யாவைப் பள்ளி விடுமுறையில் பொழுதுபோக்காக அங்கே சேர்த்துவிட்டதே மனைவி ரேவதிதான். முதலில் சௌந்தரராஜன் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். பிறகு நின்று பார்த்தார். பிறகு உட்கார்ந்து பார்த்தார். லாவண்யா ஒரு சிறிய போட்டியில் கோப்பை வாங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

ரேவதி ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்துவந்தாள். அவளுடைய தம்பி ஊரில் வீடு கட்டிப் புதுமனை புகுந்தபோது, சேலத்தில் போட்டி என்று சௌந்தரராஜன் மகளோடு அங்கே போய்விட்டார். தனியாகப் பேருந்தேறிப் போன ரேவதி, பிள்ளைக்குப் பரீட்சை என்று சொந்தக்காரர்களிடம் பொய் சொன்னாள். ஊர்க் கோயில் கொடைக்கும் குடும்பமாகப் போகவில்லை. மகள் பள்ளியில் கோ-கோ ஆடினால் கணுக்கால் பிசகும் என்று சௌந்தரராஜன் அதையும் நிறுத்தினார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பேச்செல்லாம் பாயிண்டுகளைப் பற்றியே இருந்தது.

அவர் மகளை ஒருநாளும் அடித்ததில்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. தோற்றுவிட்டு வரும் வழியெல்லாம் வண்டியை ஓட்டிக்கொண்டே, எந்த அடியில் கால் தாமதமாக வந்தது, எந்த அடியில் மணிக்கட்டு தளர்ந்தது என்று ஒன்றுவிடாமல் எடுத்துச் சொல்வார். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டு வரும். ஒருமுறை ரேவதி சொன்னாள்: "இதுக்கு நாலு அடி அடிச்சுட்டு விட்ருங்க. அவ அழுதுட்டுத் தூங்கிருவா."

அந்த ஷெட்டில் லாவண்யாவால் வெல்லவே முடியாத பெண் ஒருத்தி இருந்தாள். சம்பங்கி. கெலவரப்பள்ளி அணைப் பாசனத்தில் சாமந்தியும் முட்டைக்கோசும் பயிரிடும் ஆஞ்சப்பனின் மகள். ஆஞ்சப்பன் மொபெட்டில் மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, முடியும்வரை வாசலிலேயே நிற்பார். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். சௌந்தரராஜனை அவர் 'கம்பெனி சாரு' என்பார், சமமாக உட்காரமாட்டார். இரண்டு பெண்களும் தோழிகள். ஆட்டத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் சம்பங்கியே வென்றாள்.

லாவண்யாவுக்குப் பதின்மூன்று வயதானபோது, கிருஷ்ணகிரியில் ஓர் உள்ளரங்கில் மாவட்டத் தேர்வுப் போட்டி நடந்தது. பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவில் முதலில் வருபவர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். லாவண்யா காலையிலேயே தன் அரையிறுதியை வென்றுவிட்டாள். இன்னோர் அரையிறுதி சம்பங்கிக்கும், கிருஷ்ணகிரிப் பெண் சுப்ரியாவுக்கும். சுப்ரியா வந்தால் லாவண்யா இறுதியில் ஜெயிப்பாள். சம்பங்கி வந்தால் வழக்கம்போலத்தான். இது அரங்கில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட சிறிய போட்டிகளில் கோடு பார்க்கத் தனியாக ஆள் இருப்பதில்லை. அந்த ஆட்டத்தில் பிள்ளை ஆடாத பெற்றோர் யாரையாவது கூப்பிட்டு, பின்கோட்டுக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். பந்து கோட்டில் பட்டாலும் உள்ளேதான். கோட்டைத் தாண்டினால்தான் வெளியே. வெளியே விழுந்தால் இரு கைகளையும் விரித்து 'அவுட்' என்று சொல்ல வேண்டும். வம்பு வரும் என்று எல்லாப் பெற்றோரும் அந்த நாற்காலி என்றாலே நழுவுவார்கள். போட்டி நடத்தும் பாஸ்கரன் அதனால் நேராகச் சௌந்தரராஜனிடமே வருவார். அவர் சொன்னதை யாரும் மறுத்துக் கேட்டதில்லை. அன்றும் வந்தார். சௌந்தரராஜனும் எழுந்துபோய் உட்கார்ந்தார். உட்காரும்போது அவர் மனத்தில் கள்ளம் இல்லை.

லாவண்யா அவருடைய நாற்காலிக்குப் பின்னால் தரையில் சுவரோரமாக உட்கார்ந்து, மட்டையின் கைப்பிடிக்குப் புது நாடா சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் மூன்றாவது சுற்றுக்குப் போயிற்று. சம்பங்கி இருபது, சுப்ரியா பத்தொன்பது. இன்னும் ஒரு பாயிண்ட்தான் வேண்டும். சம்பங்கி பந்தை உயரத் தூக்கிப் பின்கோட்டுக்கு அடித்தாள். வெளியே போகும் என்று நினைத்துச் சுப்ரியா விட்டுவிட்டாள். பந்து செங்குத்தாக இறங்கிச் சௌந்தரராஜனின் கண்ணெதிரில், வெள்ளைக் கோட்டின் மேலேயே விழுந்தது. அதன் தக்கை கோட்டில் பட்ட சத்தம்கூட அவருக்குக் கேட்டது.

கைகள் தாமாக விரிந்துவிட்டன என்று பின்னாளில் அவர் தமக்குத் தாமே சொல்லிப் பார்த்ததுண்டு. அது உண்மையல்ல. பந்து விழுந்ததற்கும் கைகள் விரிந்ததற்கும் நடுவே ஒரு கண் இமைப்பு இருந்தது. அந்த இமைப்புக்குள் அவர் மகளை நினைத்தார். சம்பங்கியிடம் தோற்றுவிட்டுத் திரும்பிய வழிகளை நினைத்தார். நினைத்துவிட்டுத்தான் கைகளை விரித்தார்.

"அவுட்."

சம்பங்கி வலைக்குப் பக்கத்தில் ஓடி வந்தாள். "அங்கிள், கோட்டு மேலதான் விழுந்துச்சு. நான் பாத்தேன்."

நடுவராக இருந்த கல்லூரிப் பையன் தயங்கினான். "சார், நல்லாப் பாத்தீங்களா?"

சௌந்தரராஜன் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சற்றே பிரித்துக் காட்டினார். "அரை இஞ்ச் வெளிய."

அந்த அரை இஞ்ச்தான் எல்லாரையும் நம்ப வைத்தது. சம்பங்கி மறுபடியும் வாயைத் திறந்தாள். அதற்குள் மேலே படிக்கட்டில் இருந்து அவள் அப்பா ஆஞ்சப்பன் எழுந்துவிட்டார். "ஏய், சாரு மயிரிழை வித்தியாசத்தையே புடிக்கிறவரு. அவரு பொய் சொல்வாரா? பெரியவங்கள எதுத்துப் பேசாத, ஆடு."

சம்பங்கியின் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு வந்த இரண்டு பந்துகளையும் அவள் வலையில் அடித்தாள்; ஆட்டம் சுப்ரியாவுக்குப் போயிற்று. மத்தியானம் லாவண்யா சுப்ரியாவை எளிதாக வென்றாள். பாஸ்கரன் கோப்பையைக் கொடுத்தபோது சௌந்தரராஜன் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினார்.

திரும்பும் வழியில் சூளகிரியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார். லாவண்யா பிளாஸ்டிக் உறை பிரிக்காத கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வாங்கிய பாலைக் குடிக்காமலே கேட்டாள்.

"அப்பா, அந்தக் காக் உள்ளதான விழுந்துச்சு?"

இறகுப் பந்தைப் பிள்ளைகள் காக் என்பார்கள். சௌந்தரராஜன் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடமும் நேரமும் அவருக்குக் கிடைத்திருக்காது.

"நீ தரையில உக்காந்திருந்த பாப்பா. கீழருந்து பாத்தா கோடு அகலமாத் தெரியும். நான் நேர இருந்து பாத்தேன். உன் கண்ணு உன்ன ஏமாத்திருச்சு."

"சரிப்பா" என்றாள் லாவண்யா.

முதல் பொய்யை ஓர் இமைப்பில் சொன்னவர், இரண்டாவது பொய்யை நிதானமாக, காரணகாரியத்தோடு, பாடம் நடத்துவதுபோலச் சொன்னார். அன்றைக்கு வீடு வரும்வரை ஆட்டத்தைப் பற்றி அவர் வேறொன்றும் பேசவில்லை. பிள்ளையும் கேட்கவில்லை.

மறுவாரமே ஷெட்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. பயிற்சியில் கோடு பார்க்க யாரும் கிடையாது. அவரவர் பக்கம் விழுவதை அவரவர்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். லாவண்யா எதையும் 'அவுட்' என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். எதிராளி அடித்த பந்து கோட்டைத் தாண்டி விழுந்தாலும் "இன்" என்று சொல்லிப் பாயிண்டைக் கொடுத்தாள். வெளியே போகிற பந்துகளையெல்லாம் சுவர்வரை ஓடி ஓடி எடுத்தாள். நேற்றுச் சேர்ந்த பொடிசுகளிடமெல்லாம் தோற்றாள்.

பிரதாப் ஒரு மாலையில் சௌந்தரராஜனைத் தனியே அழைத்தார். "சார், உங்க பொண்ணு ரெண்டடி தள்ளி விழுந்ததுக்கெல்லாம் பாயிண்ட்டத் தூக்கிக் குடுக்கறா. ஏன்னு கேட்டா, கோடு சரியாத் தெரியல சார்ங்கறா. எதுக்கும் ஒருவாட்டி கண்ணக் காமிச்சிருங்க." பிறகு, பேச்சோடு பேச்சாக, சம்பங்கியை அவள் அப்பா நிறுத்திவிட்டார் என்றும் சொன்னார். தோற்றதற்காக இல்லையாம். பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கற்றுக்கொடுக்கிற விளையாட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

சௌந்தரராஜன் தலையை ஆட்டினார். மறுநாள் பரிசோதனை மேசையில் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். மணிவேல் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, நோகோ தூங்குதா?" என்றான். அவர் கருவியைக் கீழே வைத்தார். அந்த ஊரில் தம்மை நம்பி ஒரு பெண்ணின் வாயை அடைத்திருக்கிறார்கள் என்பது அவரை அரித்தது. ஆனாலும் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு அப்போதும் தோன்றவில்லை. எப்படியாவது இது தானாக அடங்கிவிட வேண்டும் என்றே விரும்பினார்.

கண் விஷயம் ரேவதியின் காதுக்குப் போனதும் அவள் பதறிவிட்டாள். அவளே ஓசூரில் ஒரு கண் மருத்துவரிடம் நேரம் வாங்கினாள். சௌந்தரராஜனும் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். போகாமல் இருக்க அவரால் ஒரு காரணமும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மருத்துவர் ஒரு நடுவயது அம்மாள். லாவண்யாவின் ஒரு கண்ணை மறைத்து, சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். பிள்ளை மேல்வரியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, கடைசி வரியையும் தடங்கல் இல்லாமல் படித்தது. மறுகண்ணுக்கும் அப்படியே. பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சௌந்தரராஜன், நடுவில் ஓர் எழுத்தாவது அவள் பிழையாகச் சொல்ல மாட்டாளா என்று ஏங்கினார். தம் மகளின் கண் பழுதாக இருக்க வேண்டும் என்று அந்த அறையில் அவர் வேண்டிக்கொண்டார். அந்த வேண்டுதல் அவர் நெஞ்சைவிட்டுப் பிறகு என்றுமே போகவில்லை.

"இந்தக் கடைசி வரி எனக்கே தெரியாது" என்று மருத்துவர் சிரித்தார். "கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா. யாரு சொன்னது சரியில்லன்னு?"

"எங்கப்பா" என்றாள் லாவண்யா. அதில் குத்தல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

ரேவதி சீட்டு வாங்க உள்ளே நின்றாள். அப்பாவும் மகளும் வெளியே நடையில் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் லாவண்யா எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கண்ணு சரியாத்தான்ப்பா இருக்கு."

"ஆமா பாப்பா."

"அப்ப அன்னைக்கு விழுந்தது?"

அதுவரை அவள் தம்மைக் குத்திக்காட்டுவதற்காகத்தான் ஷெட்டில் அப்படி நடந்துகொள்கிறாள் என்று சௌந்தரராஜன் நினைத்திருந்தார். அப்படி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போது அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது: பிள்ளை அவரை நம்பியிருக்கிறது. அப்பா பொய் சொல்லமாட்டார், அதனால் தன் கண்தான் பழுது என்று நம்பியிருக்கிறது.

"உள்ளதான் விழுந்துச்சு" என்றார். "கோட்டு மேல. நான் பாத்தேன்."

லாவண்யா, யாரிடமோ கணக்குக் கேட்பதுபோல, மெல்லக் கேட்டாள். "அப்ப நான் எதுக்குப்பா வெளிய போனதெல்லாம் ஓடி ஓடி எடுத்தேன்?"

ரேவதி சீட்டோடு வெளியே வந்தபோது பிள்ளை எழுந்து போய் அம்மாவின் மறுபக்கம் நின்றுகொண்டது. வண்டியில் அவரோடு ஏறவில்லை. அம்மாவும் மகளும் பேருந்தில் வந்தார்கள்.

வீட்டில் அவரே ரேவதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அரிந்துகொண்டிருந்த கீரையை அப்படியே தள்ளிவைத்தாள். "ஒரு தட்டு சாமானுக்காக மேனேஜரோட மல்லுக்கு நின்னவரு நீங்க. பெத்த புள்ளயப் பாத்து உன் கண்ணு சரியில்லன்னு சொல்ல எப்படிங்க வாய் வந்துச்சு?" இதை அவள் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஜெயிக்க வைத்ததைப் பற்றியோ கோப்பையைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவளுக்குக் கண்தான் பெரிதாகப் பட்டது. சௌந்தரராஜனுக்கும் அதுவே சரியென்று பட்டது.

மாநிலப் போட்டிக்குப் போகமாட்டேன் என்று லாவண்யா சொல்லிவிட்டாள். சௌந்தரராஜன் கிருஷ்ணகிரிக்குப் போய் பாஸ்கரனிடம் நடந்ததைச் சொன்னார். பாஸ்கரனுக்கு அதிர்ச்சியெல்லாம் இல்லை. பெயர் மேலே போய்விட்டது; லாவண்யா வராவிட்டால் இரண்டாவதாக வந்த சுப்ரியா போவாள்; சம்பங்கிக்கு அதில் ஒன்றும் செய்ய வழியில்லை என்றார். "விடுங்க சார். இது எல்லா அப்பனும் பண்றதுதான். நீங்களும் பண்ணுவீங்கன்னுதான் நான் நெனைக்கல." ஆறுதலாகத்தான் சொன்னார். சௌந்தரராஜனுக்கு முதுகில் அடி விழுந்ததுபோல இருந்தது.

அடுத்துப் போக வேண்டிய இடம் கெலவரப்பள்ளி. அங்கே போக அவருக்கு மேலும் சில நாட்கள் பிடித்தன. இரண்டு முறை அணை வரைக்கும் வண்டியில் போய்த் திரும்பிவிட்டார். மூன்றாம் முறை தோட்டத்துக்குள் இறங்கினார்.

ஆஞ்சப்பனும் அவர் மனைவியும் மகளும் சாமந்தி பறித்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி சாரு தோட்டத்துக்கே வந்துவிட்டாரே என்று ஆஞ்சப்பன் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தார். சம்பங்கி அன்று நடந்துகொண்டதற்கு அவரே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். பொம்பளைப் பிள்ளைக்கு அவ்வளவு வாய் ஆகாது, கண்டித்துவிட்டேன் சார் என்றார். சௌந்தரராஜன் அவரைப் பேசி முடிக்க விடவில்லை.

"பந்து உள்ளதாங்க விழுந்துச்சு. உங்க பொண்ணு சொன்னதுதான் சரி. நான் தெரிஞ்சே மாத்திச் சொன்னேன். எம்பொண்ணு ஜெயிக்கணும்னு."

ஆஞ்சப்பனின் முகத்தில் கோபம் வரும் என்று அவர் எதிர்பார்த்தார். அதற்காகத் தயாராகவும் வந்திருந்தார். கோபம் வரவில்லை. ஆஞ்சப்பன் தம் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"நான் அவள அடிச்சேன் சார்" என்றார். "வீட்டுக்கு வந்ததும். சாரையே பொய்யின்னு சொல்றியான்னு கேட்டு அடிச்சேன்."

சம்பங்கி பூக்கூடையோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும். சௌந்தரராஜன் அவளிடம் திரும்பி அதையே மறுபடியும் சொன்னார். சொற்கள் முதல் தடவையைவிடக் கடினமாக வந்தன.

"எனக்குத் தெரியும் அங்கிள்" என்றாள் அவள். பிறகு, "லாவண்யாக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"அன்னைக்கு அவ எனக்காகப் பேசமாட்டாளான்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அவள் குனிந்து பூ பறிக்கப் போய்விட்டாள். ஆஞ்சப்பன் அவள் பின்னாலேயே போய், தெலுங்கில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவள் நிமிரவில்லை. அவர் கொஞ்சநேரம் பக்கத்தில் நின்றுவிட்டு, தாமும் குனிந்து அதே வரிசையில் பறிக்க ஆரம்பித்தார்.

ஆஞ்சப்பனின் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சௌந்தரராஜன் நின்றபடியே குடித்துவிட்டு, சொம்பை வரப்பில் வைத்துவிட்டு நடந்தார். பின்னாலிருந்து ஆஞ்சப்பன், "பாத்துப் போங்க சார்" என்றார். அந்த 'சார்' இன்னும் அப்படியே இருந்தது. அதை எங்கே கழற்றிவைப்பது என்று சௌந்தரராஜனுக்குத் தெரியவில்லை.

சம்பங்கி மறுபடியும் ஷெட்டுக்கு வர ஆரம்பித்தாள். சில நாள் போகாமலிருந்த லாவண்யாவும் போனாள். இரண்டு பெண்களும் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை லாவண்யா வீட்டில் சொல்லவில்லை. ரேவதியும் துருவிக் கேட்கவில்லை. முதல் நாள் ஷெட் வாசலில் வண்டியிலிருந்து இறங்கியதும் லாவண்யா ஒன்று மட்டும் சொன்னாள்: "நீங்க உள்ள வராதீங்கப்பா." சரி என்றார். அதற்குப்பின் அவர் உள்ளே போனதில்லை. பாஸ்கரன் இன்னொரு போட்டிக்குக் கூப்பிட்டனுப்பியபோதும் கோட்டு நாற்காலிக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

இப்போதெல்லாம் மாலையில் அவர் ஷெட்டுக்கு வெளியே, வண்டிகள் நிறுத்துகிற புங்கமரத்தடியில் நிற்கிறார். சற்றுத் தள்ளி ஆஞ்சப்பன் மொபெட்டில் சாய்ந்து நிற்கிறார். இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள், பேச்சு இல்லை. தகரச் சுவருக்கு அந்தப்பக்கம் பந்து அடிபடும் சத்தமும் ரப்பர் காலணிகள் கிறீச்சிடும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

போன வாரம் ஒருநாள், அந்தச் சத்தங்களுக்கு நடுவே ஒரு பெண்குரல் "அவுட்" என்றது.

சௌந்தரராஜன் நிமிர்ந்தார். லாவண்யாவின் குரல்; அந்தக் குரலில் வெகுநாளாக அவர் கேட்காத சொல். உடனே இன்னொரு குரல், "ஏய், உள்ளதான்டி. கோட்ட நல்லாப் பாரு" என்று கத்தியது. "பாத்துட்டுதான்டி சொல்றேன்" என்றது முதல் குரல். வாக்குவாதம் வளர்ந்தது.

சௌந்தரராஜனின் கால் தன்னையறியாமல் வாசல் பக்கம் ஓர் அடி எடுத்துவைத்தது. அவர் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தபோது ஆஞ்சப்பனும் மொபெட்டை விட்டு நகர்ந்து, வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரில் யாரும் உள்ளே போகவில்லை.

உள்ளே வாக்குவாதம் ஓய்ந்தது. அந்தப் பாயிண்ட் யாருக்குப் போயிற்று என்று வெளியே தெரியவில்லை. பிறகு பந்து அடிபடும் சத்தம் மறுபடியும் கேட்டது.